இரண்டு மூட்டை ஜப்பான் நெல்

விழிதியூரில் பங்கஜவல்லி சோறு வடித்தால் ஒரு பருக்கை இன்னொரு பருக்கையோடு ஒட்டாது. இது அவளே சொல்லிக்கொள்வது மட்டுமல்ல, ஊரும் ஒப்புக்கொண்ட சங்கதி. கல்யாண வீட்டில் சமையல்காரர் புது அரிசியைப் போட்டுவிட்டு முழிக்கும்போது, "சுவாமிநாதன் சம்சாரத்தைக் கூப்பிடுங்கப்பா, அது வந்து பதம் பாக்கட்டும்" என்று ஆள் அனுப்புவார்கள். குழைந்த சோறு போடும் வீட்டில் அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஆனால் அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தே அந்த வீட்டுக்காரிக்கு அவமானமாகிவிடும். அப்பேர்ப்பட்டவள் பெற்ற பிள்ளை, சோற்றை வேண்டுமென்றே ஒட்ட ஒட்ட ஆக்கி, உருட்டி உருட்டி விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தான் என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் அதற்கு இடம் இல்லை.

பிள்ளை பெயர் ஜெயபிரகாஷ். ஒரே பிள்ளை. காரைக்காலில் கேட்டரிங் படிக்கும்போது ஒஃபேலி என்ற பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. ஒஃபேலியின் அப்பா ஆல்போன்ஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை, வீட்டுச் சுவரில் மாதா படம். பங்கஜவல்லி அழுதாள், சாப்பிடாமல் படுத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. மாதா கோயிலில் தாலி கட்டினார்கள். அவள் போனாள், முன்வரிசையில் உட்கார்ந்தாள், பந்தி போடுகிற நேரத்தில் "தலைய வலிக்குது" என்று எழுந்து வந்துவிட்டாள். மகன் கல்யாணத்தில் பெற்றவள் கை நனைக்காமல் வந்த கதை திருநள்ளாறு வரைக்கும் போயிற்று. கொஞ்ச நாளில் பிள்ளையும் மருமகளும் பாரீசுக்கு விமானம் ஏறிவிட்டார்கள்.

அங்கே அவனுக்குக் கிடைத்தது ஜப்பான் சாப்பாட்டுக்கடை வேலை. பாரீசில் தெருவுக்குத் தெரு அந்தக் கடைதானாம். ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாமான் வாங்க வந்த கிழவிகள், எல்லாரும் நம் ஊரில் பரோட்டா வாங்குகிற மாதிரி சுஷி என்ற பச்சை மீன் வைத்த சோற்றுருண்டையை வாங்கிக்கொண்டு போகிறார்களாம். கடை ஜப்பான் கடை, முதலாளி சீனாக்காரர், சாப்பிடுகிறவன் வெள்ளைக்காரன், உள்ளே நின்று சோறு உருட்டுகிறவன் விழிதியூர்க்காரன். "பச்சை மீனையா திங்கிறானுவோ!" என்று சுவாமிநாதன் வாய்விட்டுச் சிரித்தார். பங்கஜவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் "பெரிய ஓட்டல்ல மேனேஜரு" என்று சொல்லி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் மசால் டப்பா மேல் சாய்த்து வைப்பாள். இவள் மீன் வறுத்துக்கொண்டிருப்பாள், அவன் பேசிக்கொண்டிருப்பான். அவனுக்குப் பேச்சு அரிசியைப் பற்றித்தான். "எல்லாரும் மீனுதான் பெருசுன்னு நெனைக்கிறாங்கம்மா. அரிசிதாம்மா எல்லாம். வந்த புதுசுல என்னைய மீனைத் தொடவே விடல, அரிசி கழுவத்தான் விட்டாங்க. தண்ணி தெளியுற வரைக்கும் கழுவணும். கஞ்சியை வடிக்கக் கூடாது. ஆக்குன சோத்துல வினிகர் தெளிச்சு, விசிறிக்கிட்டே கிளறணும். கையில புடிச்சா நிக்கணும், வாயில போட்டா பிரியணும்."

"ஆமா ஆமா" என்பாள் அவள். "நீ எப்ப வர்ற?"

அவ்வளவுதான் அவள் பங்கு. தப்பாக எண்ண வேண்டாம், அவளுக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. குரலைக் கேட்டுக்கொண்டே மீனைத் திருப்பிப்போட்டால் அன்றைய சமையல் ருசிக்கும். குரல் சொல்லுகிற விஷயம்தான் அவள் காதுக்குள் ஏறவே இல்லை. அப்படியே ஆறு வருஷம் ஓடியது.

போன ஆவணியில் இருவரும் வந்து இறங்கினார்கள். வாசலில் நின்ற ஒஃபேலியைப் பார்த்ததும் பங்கஜவல்லி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றாள். அந்தப் பெண்ணோ செருப்பைக் கழற்றிவிட்டு, "அத்தை, பசிக்குது" என்று நேரே அடுப்படிக்கு வந்தாள். ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். கல்யாணப் பந்தியைப் பற்றி ஒரு குத்தல் உண்டா? கிடையாது. அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது பங்கஜவல்லிக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

ஜெயபிரகாஷ் பெட்டியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்து அப்பா முன்னால் வைத்தான். உள்ளே நெல். குட்டை குட்டையாக, உருண்டையாக, முத்துப் போல இருந்தது. கூட வேலை பார்த்த ஜப்பான்காரர் ஒருவர், வயசாகி ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது.

"அப்பா, ஒரு கால் மா நெலம் குடு. வந்துச்சுன்னா பெருக்கிப் பயிர் வைக்கலாம். சென்னையில ஜப்பான் ஓட்டல் எத்தனையோ வந்துருச்சு, எல்லாரும் கப்பல்ல வர்ற அரிசியைத்தான் வாங்குறாங்க. நம்ம அரிசிய எடுத்துக்குறேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. அப்புறம் காரைக்கால் பீச் ரோட்டுல சின்னதா நாங்களே ஒரு கடை போடுவோம். ரெண்டு பேரும் ஒரு வருஷம் லீவு சொல்லிட்டு வந்திருக்கோம்."

"வரலைன்னா?" என்றார் சுவாமிநாதன்.

"திரும்பிப் போயிட வேண்டியதுதான். அங்க ஒரு வீடு வாங்கலாம்னு பேச்சு இருக்கு. வாங்கிட்டா அங்கேயேதான்."

பங்கஜவல்லி மற்றதை எல்லாம் விட்டாள், இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நெல் வந்தால் பிள்ளை இங்கே. வராவிட்டால் பிள்ளை அங்கே.

பிறகு அந்தக் கால் மா நிலத்துக்கு அவள் பட்ட பாட்டை என்ன சொல்வது! ஐப்பசி மழை ஓயட்டும் என்று காத்திருந்து நட்டார்கள். ஒற்றை ஒற்றை நாற்றாக அவளே நட்டாள். களை எடுக்க ஆளை விடவில்லை. குட்டைப் பயிர், சீக்கிரமே கதிர் தள்ளிவிட்டது. சுற்றிலும் சம்பா பச்சையாக நிற்க, இது மட்டும் பழுத்து நின்றதா, சீமையில் உள்ள குருவியெல்லாம் அங்கேதான் வந்து விழுந்தது. அவள் வரப்பில் குடையை விரித்து உட்கார்ந்து தகரத்தைத் தட்டினாள். பக்கத்து வயலில் வேலைக்கு வந்த பூவாயி, "என்னக்கா, பேரப்புள்ளைய பாத்துக்குற மாதிரியில்ல பாத்துக்குறீங்க" என்று கேலி செய்தாள். "ஆமாண்டி, அதுக்கும் சேத்துத்தான் பாக்குறேன்" என்றாள் இவள்.

தை கடைசியில் அறுத்தார்கள். அந்தத் துண்டு நிலத்துக்கு மெஷின் வராது, அரிவாள்தான். இரண்டு மூட்டை கண்டது. மூட்டையைக் கூடத்தில் வைத்ததும் ஜெயபிரகாஷ் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான், எழுந்திருக்க மனசில்லை அவனுக்கு.

அன்றைக்கே ஒரு படி நெல்லைப் பூவாயி வீட்டு உரலில் குத்திப் புடைத்துக் கொண்டுவந்தான். அவனே கழுவினான், அவனே ஆக்கினான். ஒஃபேலி விசிறினாள். ஒரு பிடி எடுத்து அழுத்தினான், நின்றது. வாயில் போட்டவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துருச்சும்மா! எப்படி ஒட்டுது பாரேன். இந்த ஒட்டுதான் வேணும்!"

பங்கஜவல்லி அப்போது வாணலியில் சங்கரா மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எண்ணெய் சடசடத்துக்கொண்டிருந்தது. "ஆமா ஆமா" என்றாள்.

சுவாமிநாதன் ஒரு வாய் தின்றுவிட்டு, "யப்பா, இதை வெச்சு தேர்தல் போஸ்டர் ஒட்டலாம்டா" என்றார். பிள்ளை சிரித்தான். அவள் அந்தச் சோற்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். களி! அவள் வீட்டு அடுப்பில், அவள் பிள்ளை கையால், களி! கண் கலங்கினானே, அது சந்தோஷத்தில் என்று அவளுக்கு ஏன் தோன்றும்? பாவம், இத்தனை பாடுபட்டும் குழைஞ்சு போச்சே என்று வெளியே காட்டிக்கொள்ளாமல் சிரிக்கிறான் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் இருவரும் கொஞ்சம் அரிசியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார்கள். ஓட்டல்காரருக்குக் காட்ட வேண்டும், ஒஃபேலியின் சித்தி வீட்டில் ஒரு வாரம் தங்கல். காரில் ஏறும்போது ஜெயபிரகாஷ் திரும்பி, "அம்மா, ரெண்டு மூட்டையும் அப்படியே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்குறேன்" என்றான். அவள் முறுக்கு டப்பாவைக் கார் ஜன்னல் வழியாகத் திணித்துக்கொண்டிருந்தாள். "ஆமா ஆமா, பாத்துப் போங்க" என்றாள்.

கார் போன பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென்னை ஓட்டல்காரன் அந்தக் களியைத் தின்றுபார்த்து என்ன சொல்லுவான்? துப்பிவிடுவான். துப்பினால் பிள்ளை பெட்டியைக் கட்டுவான். இவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? அரிசி குழைகிறதென்றால் அதற்கு வைத்தியம் அவளுக்குத் தெரியாதா என்ன! பச்சையாகக் குத்தினால் எந்தப் புது நெல்லும் குழையத்தான் செய்யும். ஊறவைத்து, அவித்து, காயவைத்து அரைத்தால் பருக்கை கெட்டியாகும், உதிரி உதிரியாக நிற்கும். தன் வயலில் விளைந்த நெல்லை வாழ்நாள் முழுக்கப் புழுங்கலாகத்தான் அரைத்திருக்கிறாள். பச்சரிசி பொங்கலுக்கும் பலகாரத்துக்கும்தான். பிள்ளை வரும்போது மணிமணியாக அரிசி தயாராக இருக்கட்டும் என்று நினைத்தபோது அவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

சுவாமிநாதன் சம்பா அறுப்பு மெஷின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார், அவரிடம் கேட்கவில்லை. டயர் வண்டி பேசி, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நெடுங்காடு ரோட்டில் இருக்கும் காஜா நஜ்முதீன் மில்லுக்குப் போனாள்.

அவர் ஒரு கை நெல்லை அள்ளிப் பார்த்தார். "என்னக்கா இது, புது ரகமா இருக்கு? அவிக்கிறதா, பச்சையா?"

"என்னா பாய் கேக்குறீங்க? அவிக்கத்தான்."

"ஒரு மூட்டை அவிச்சுப் பாப்பமா? இல்ல, தம்பிகிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன். தம்பிதானே வெளிநாட்டுலேருந்து கொண்டாந்துச்சு?"

"அவனைப் பெத்தவளே நான்தான் பாய். அரிசியப் பத்தி எனக்கு அவன் சொல்லணுமா? ரெண்டையும் போடுங்க."

அவர் ஆளைக் கூப்பிட்டு மூட்டைகளை இறக்கச் சொன்னார். நெல் தொட்டியில் ஊறியது, ஆவியில் வெந்தது. வெந்த நெல்லின் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. களத்தில் பரப்பிய நெல்லை மில் ஆட்களை நம்பாமல் அவளே காலால் கிண்டிவிட்டாள். மாசி வெயில் உச்சந்தலையில் இறங்கியது. அரைத்து வந்த அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். பழுப்பேறிக் கெட்டியாக, ஒரு நொய் இல்லாமல் இருந்தது. இனிமேல் எவன் துப்புவான், பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெயபிரகாஷ் சென்னையிலிருந்து வந்த மத்தியானம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். "ஓக்கே ஆயிருச்சும்மா! அவரு ஒரு வாய்தான் சாப்ட்டாரு, அப்படியே கையப் புடிச்சுக்கிட்டாரு. ஒரு மூட்டைய சாம்பிளுக்குக் கேட்டிருக்காரு. இன்னொன்னு நமக்கு விதை."

அவள் சிரித்தாள். பெரிய ரகசியம் வைத்திருப்பவள் சிரிக்கிற சிரிப்பு. "மொதல்ல கைய கழுவிட்டு வந்து உக்காருங்க ரெண்டு பேரும்."

இலை போட்டாள். ஆவி பறக்கச் சோற்றை வைத்தாள். பருக்கை பருக்கையாகச் சரிந்து விழுந்தது. "பாரு இப்ப" என்றாள். "உன் ஜப்பான் அரிசிதான். எப்படி இருக்கு பாரு."

அவன் சோற்றைப் பார்த்தான். ஒரு பிடி எடுத்து அழுத்தினான். உதிர்ந்தது. டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு மறுபடி எடுத்து, அங்கே பாரீசில் எப்படிப் பிடிப்பானோ அப்படி இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்தினான். மறுபடியும் உதிர்ந்தது. பக்கத்தில் ஒஃபேலி சாப்பிடாமல் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பங்கஜவல்லி குழம்புக் கரண்டியோடு நின்றாள். என்னவோ சரியில்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை.

"அவிச்சியாம்மா?" என்றான்.

"பின்ன? இல்லாட்டி குழையுதுல்ல."

அவன் தலை நிமிரவில்லை. "ரெண்டு மூட்டையுமா?"

அந்தக் கேள்விதான் அவளை இடித்தது. ரெண்டு மூட்டையுமா. அவித்த நெல் முளைக்காது. கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது விவசாயி வீட்டில். விதை என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லையே, ஏன்? வருஷா வருஷம் விவசாய டிப்போவில் விதைநெல்லைப் பை பையாக வாங்கி விதைத்துப் பழகிய கை. வீட்டு நெல்லில் விதைக்கு எடுத்து வைப்பது எந்தக் காலத்திலேயோ நின்றுபோயிருந்தது. கரண்டியிலிருந்த குழம்பு தரையில் சொட்டியது. "ஐயோ" என்றாள்.

அவன் கத்தியிருக்கலாம். இலையைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவள் அதற்குக் காத்துக்கொண்டு நின்றாள். அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்து, இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தான். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். கொல்லையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கத்தியது சுவாமிநாதன்தான். "கேக்க மாட்டியா நீ? ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? வாய்தான் இருக்கே உனக்கு, ஊரை அளக்குறதுக்கு!" அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவள் எதிர்த்துப் பேசாததைப் பார்த்து அவரே பயந்துபோய் நிறுத்திக்கொண்டார்.

நெல் கொடுத்த ஜப்பான்காரரைப் பற்றி அவர் ஊரில் யார் யாரையோ பிடித்து விசாரித்தார்கள். அவர் போன கோடையிலேயே இறந்துவிட்டார் என்று தெரிந்தது. வேறு விதை தேடலாம், வாங்கலாம், ஆனால் அது இன்னொரு வருஷம். சென்னை ஓட்டல்காரர் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார், பாரீஸ் முதலாளியும் பொறுக்க மாட்டார். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பிரெஞ்சில். பங்கஜவல்லிக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை, ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள்.

கிளம்புகிற அன்று ஒஃபேலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க அத்தை. உங்களுக்குத் தெரியாதுல்ல."

"தெரியாதுன்னு சொல்லாத ஆயி" என்றாள் பங்கஜவல்லி. "ஆறு வருஷமா சொன்னான். வாரா வாரம் சொன்னான். இந்தப் பாவிதான் காதுல வாங்கல."

ஒஃபேலி அவளைக் கட்டிக்கொண்டாள். ஜெயபிரகாஷ் டிக்கியில் பெட்டி வைக்கும் சாக்கில் அந்தப் பக்கமே நின்றான். இந்தத் தடவை அவன் திரும்பி எதுவும் சொல்லவில்லை.

அரிசி வீட்டிலேயே கிடந்தது. என்ன செய்வது? பூவாயி யோசனை சொல்லி, உளுந்தோடு ஊறப்போட்டு ஆட்டினார்கள். இட்லி மெத்து மெத்தென்று வந்துவிட்டது. "யக்கா, இந்த மாதிரி இட்லி நான் தின்னதே இல்லக்கா, எந்தக் கடை அரிசி?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பங்கஜவல்லி ஒரு டப்பா மாவை எடுத்துக் கொடுத்தனுப்பினாள். தினமும் காலையில் அந்த இட்லியைத் தின்றாள். தீரட்டும் என்று பார்த்தால் மூட்டை தீருகிற வழியாகவும் இல்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அங்கே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று என்ற சேதியைச் சுவாமிநாதன் வாங்கிக்கொண்டு, போனை அவளிடம் நீட்டினார். அவள் ஸ்பீக்கரில் போடவில்லை. அடுப்பை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாப்டியாம்மா?" என்றான்.

"சாப்ட்டேன்யா. பிரகாசு... அந்தச் சோறு எப்படி ஆக்குவீங்க? அரிசிய எத்தனை தண்ணி கழுவணும்?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான். நீ சொல்லு, நான் கேட்டுக்குறேன்."

கடையில் இருந்தான் போல, பின்னால் பாத்திரங்கள் உரசின, யாரோ பிரெஞ்சில் என்னவோ கேட்டார்கள்.

"ஆமா ஆமா" என்றான். "அப்புறம் சொல்றேம்மா. உடம்பைப் பாத்துக்க."

போனை வைக்கவில்லை, வேலை மும்முரத்தில் அப்படியே எங்கோ சாய்த்து வைத்துவிட்டான். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அரிசி. அரிசி கழுவுகிற சத்தம் அவளுக்குத் தெரியாதா? கையால் அளைந்து, ஊற்றி, மறுபடி தண்ணீர் பிடித்தான். பங்கஜவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தண்ணீராக எண்ணினாள். நான்காவது தண்ணீரில் லைன் கட்டாகிவிட்டது.